மொட்டை மாடி எத்தனையாவது மாடி?

மொட்டை மாடிக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மதுரைக்குத் தெற்கே போனால் தட்டட்டி என்பார்கள். பழைய ஆட்கள் மெத்தை என்றும் மச்சு என்றும் சொல்வதுண்டு. இருந்தாலும் 'மொட்டை' என்ற சொல்லில் உள்ள பொருத்தம் மற்றதில் இல்லை. இதற்கு மேல் ஒன்றும் கிடையாது, கட்டடம் இதோடு முடிந்தது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனால் நம்மூரில் மொட்டை மாடி என்றைக்கு முடிந்துபோன இடமாக இருந்தது? வடாம் காய்வது அங்கே, துணி உலர்வது அங்கே, பட்டம் விடுவது அங்கே. நம் விடுதியை எடுத்துக்கொண்டால், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்ததும், ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்ப் படுத்ததும் அங்கேதான். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கையில் செல்போன் ஒன்றுதான் கூடுதல்.

சரி, இத்தனை பேர் புழங்குகிற மொட்டை மாடி ஒரு மாடியா, இல்லையா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கட்டட விதிகளை எழுதியவர்கள் 200 வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் சரியாகப் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் ஜனங்கள் ஏறிக் குடியிருந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே கொஞ்சம் சொல்லலாம் என்று பார்க்கிறேன். சிவில் படிக்காத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சமன்பாடு எதுவும் வராது, கூட்டல் பெருக்கல் மட்டும் கொஞ்சம் வரும்.

பாரீஸ் நகரத்துப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தெரு முழுக்கக் கட்டடங்கள் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சரிந்த கூரை, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். அழகுக்காகச் செய்தது என்று நினைப்போம். பாதிக் காரணம் சட்டம். 1783-84இல் அரசாங்கம் அங்கே தெருவின் அகலத்தைப் பொறுத்துக் கட்டட முகப்பின் உயரத்துக்கு வரம்பு வைத்தது. அகலமான தெருவிலும் 54 பிரெஞ்சு அடிக்கு மேல் போகக்கூடாது. நம் கணக்கில் ஏறக்குறைய 17.5 மீட்டர். ஆனால் அளவு எடுத்தது முகப்புச் சுவர் முடிகிற விளிம்பு வரைக்கும்தான். அதற்கு மேலே இருப்பது கூரை, கூரைக்குத் தனிக் கணக்கு. வீட்டுக்காரன் விடுவானா? கூரையின் கீழ்ப்பாதியைக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிமிர்த்தினான். உள்ளே ஆள் நிற்க இடம் வந்தது. ஜன்னல் வைத்தான், வாடகைக்கு விட்டான். 17ஆம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சாரின் பெயரால் மான்சார்ட் என்று அழைக்கப்படும் கூரை வகை அது. அவர் காலத்தில் மாளிகைகளுக்கு அழகு சேர்த்தது, பிற்பாடு சட்டத்தின் சந்துக்குள் புகுந்துகொள்ள வசதியாகப் போயிற்று. 1859இல் வரம்பு உயர்ந்து, 20 மீட்டர் அகலத் தெருவுக்கு 20 மீட்டர் சுவர் என்று ஆனபோதும் கூரைக்குத் தனிக் கணக்கு நீடித்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அந்தக் கூரைக்கடியில்தான் படுத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் கவலையெல்லாம் தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கவேண்டும் என்பது. எவ்வளவு உயரம் என்று அளக்க அதற்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு பாரம், எத்தனை பேர், தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவார்கள் என்பதெல்லாம் வேறு கேள்விகள். ஒரே கட்டடத்தைப் பற்றிய இந்த இரண்டு வகைக் கேள்விகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே வெகுகாலம் போயிருக்கின்றன. நம்மூரிலும் அப்படித்தான்.

நம்மூருக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்து அலுவலகங்கள், கல்லூரிகள், பெரிய வீடுகள் பலவற்றின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசையாக வைத்து, அதன் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலையிலிருந்து தொடங்கிக் குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே வருவார்கள். ஒரு வரிசை அடுத்த வரிசையைத் தாங்கிக்கொள்ளும், கீழே சென்டரிங் பலகை தேவையில்லை. அதனால் கொத்தனார்கள் இதை 'ஒட்டு' என்றே சொல்வார்கள். செங்கலுக்கு மேலே ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அதைத் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பதுண்டு. அதற்கும் மேலே தட்டோடு. வெயிலுக்கு அவ்வளவு குளிர்ச்சி. வீட்டார் மேலே போய்ப் படுக்கவும் வடாம் பிழியவும் தாராளமாகப் போதும். ஆனால் அதன் மேல் இன்னொரு மாடி எழுப்ப யாரும் நினைக்கவில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்குக் கட்டையின் முனை நனைந்து செல்லரிக்கத் தொடங்கினால் படுத்திருப்பவர்களுக்கே ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும்.

கான்கிரீட் வந்ததும் கதை மாறிவிட்டது. கான்கிரீட் கூரையும் கான்கிரீட் தரையும் பார்வைக்கு ஒன்றுதான். கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை, மேல்வீட்டுக்காரருக்குத் தரை. 'இதுவும் தளம்தானே சார், தாங்கும்' என்று மேஸ்திரி சொன்னால் மறுப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது. இங்கேதான் விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதலில் வந்தது 1970இல். பிறகு 1983, 2005, 2016 என்று திருத்தி எழுதப்பட்டது. கட்டடத்தின் மேல் எவ்வளவு பாரம் வரும் என்று கணக்கிட ஐ.எஸ். 875 என்ற தரநூல் இருக்கிறது. சிவில் பையன்களுக்கு அதன் இரண்டாம் பகுதி, 1987ஆம் வருஷப் பதிப்பு, கனவில்கூட வரும்.

அதில் என்ன சொல்லியிருக்கிறது? ஆள் ஏறக்கூடிய தட்டையான கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். அதாவது சுமார் 150 கிலோ. வீட்டு அறைக்கும் விடுதி அறைக்கும் 200 கிலோ. வகுப்பறைக்கு 300. உணவுக்கூடத்துக்கு 400. நாற்காலிகள் தரையோடு பொருத்தப்படாத கூட்ட அரங்குக்கு 500. ஒரே தளம்தான். மேலே நடப்பது என்ன என்பதைப் பொறுத்துக் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. அதே நூலில் சின்னதாக இன்னொரு வாக்கியமும் உண்டு. கூரையை உலாவுவதற்கோ ஆட்கள் கூடுவதற்கோ பயன்படுத்தினால் கூரைக்கான பாரத்தை எடுக்கக்கூடாது, அந்தப் பயனுக்கு உரிய தரையின் பாரத்தையே எடுக்க வேண்டும். மொட்டை மாடி ஒரு மாடியா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்கள். கட்டடம் கட்டும்போது அந்த வரியை வாசிப்பவர் உண்டு. 20 வருஷம் கழித்து மேலே ஷாமியானா போடுகிறவர் அதை வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

நிலநடுக்கக் கணக்கில் இன்னும் ஒரு படி. ஐ.எஸ். 1893இன்படி ஒரு கட்டடத்தை எவ்வளவு விசை ஆட்டும் என்று பார்க்கும்போது, ஒவ்வொரு தளத்திலும் இருக்கிற ஆள், சாமான் பாரத்தில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்வோம். 300 கிலோ வரையிலான தளம் என்றால் கால் பங்கு, அதற்கு மேல் என்றால் அரைப் பங்கு. கூரையில் உள்ள ஆள் பாரத்தை மட்டும் சேர்க்க வேண்டியதில்லை. நிலம் ஆடும் நேரத்தில் கூரையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்ற நியாயமான எதிர்பார்ப்பு. அந்தக் கூரை உணவுக்கூடமாகிவிட்டால் எதிர்பார்ப்பு போயிற்று. அதுவும் பாரம் உச்சியில் இருக்கும்போது ஆட்டம் அதிகம். தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்தவனைக் கேட்டால் தெரியும். 2002இல் திருத்தப்பட்ட தரநூலில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. அதற்கு முன்னால் கட்டிய கட்டடங்கள் பழைய கணக்கில் நிற்கின்றன.

இதையெல்லாம் இந்த மலரில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் சங்கத்தின் முன் ஒரு யோசனை வந்திருப்பது பலருக்குத் தெரியும். பழைய விடுதியின் மொட்டை மாடியில் ஷீட் போட்டு, ஒரு பந்திக்கு 120 பேர் சாப்பிடுகிற மாதிரி உணவுக்கூடம் அமைக்கலாம் என்பது ஒன்று. பணம் சேர்ந்தால் ஷீட்டுக்குப் பதிலாகக் கான்கிரீட் போட்டு முழுசாக ஒரு மாடியே எழுப்பிவிடலாம் என்பது இன்னொன்று. நல்ல எண்ணத்தில் வந்த யோசனை. நன்கொடை தர முன்வந்த நண்பர்களின் தாராள மனசை யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் சாப்பிட இடமில்லாமல் வரிசையில் நிற்பதும் உண்மை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் கணக்கையும் வரலாற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

கணக்கு சுலபம். மேலே நாம் எடுத்துக்கொள்ள நினைக்கிற இடம் 30 அடிக்கு 40 அடி. 1200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். கூரை என்ற கணக்கில் அது தாங்க வேண்டியது சுமார் 17 டன். உணவுக்கூடம் என்ற கணக்கில் சுமார் 45 டன். வித்தியாசம் மட்டும் 28 டன். இதில் பக்கச் சுவர் சேரவில்லை. 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு எழுப்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கே ஒன்றேகால் டன்னுக்கு மேல் வரும். கை கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று 1000 லிட்டர் தொட்டி வைத்தால் அது ஒரு டன். ஷீட் லேசானதுதான், அதற்கு வேறு வியாதி. கடற்கரை ஊர்களில் அது கீழே விழுவதைவிட மேலே பறப்பதுதான் பயம். சென்னைக்குக் காற்றின் வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது அதே ஐ.எஸ். 875. 2016 டிசம்பரில் வர்தா புயலன்று சென்னையில் இருந்தவர்களுக்கு மொட்டை மாடி ஷீட்டுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

வரலாறு கொஞ்சம் கசப்பானது. ஒரு மாடி கூடுதலாக ஏற்றியதால் கட்டடங்கள் என்ன ஆயின என்பதற்கு 20 வருஷத்துக்குள் ஆசியாவில் மூன்று பெரிய சாட்சிகள்.

முதலாவது தாய்லாந்தின் நகோன் ராச்சசீமா நகரத்து ராயல் பிளாசா ஓட்டல். மூன்று மாடியாகக் கட்டிய கட்டடத்தின் மேல் பிற்பாடு மூன்று மாடிகளை ஏற்றினார்கள். தூண்கள் பழைய தூண்கள்தான். சில வருஷம் தாக்குப்பிடித்தது. 1993 ஆகஸ்ட் 13 அன்று சில விநாடிகளில் உட்கார்ந்துவிட்டது. 137 பேர் இறந்தார்கள். கட்டி முடித்த அன்றே விழுந்தால் எச்சரிக்கையாவது கிடைக்கும். வருஷக்கணக்கில் நின்றுவிட்டால், பார்த்தீர்களா தாங்குகிறது என்று எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. கான்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அளவுக்கு மீறிய பாரத்தை வைத்துக்கொண்டே இருந்தால் அது வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள ஒடுங்கிக்கொண்டே போகும்.

இரண்டாவது தென்கொரியத் தலைநகர் சியோலில் இருந்த சாம்பூங் பல்பொருள் அங்காடி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் யோசனைக்கு மிக அருகில் வருகிற கதை இதுதான். முதலில் வரைபடம் போட்டது நாலு மாடிக் குடியிருப்புக்கும் அலுவலகத்துக்கும். பாதியில் முதலாளி மனம் மாறி, அங்காடியாக்கிவிட்டார். நகரும் படிக்கட்டு வைக்க வேண்டும் என்று சில தூண்களை எடுக்கச் சொன்னார். ஒப்பந்தக்காரர் மறுத்ததும் அவரை அனுப்பிவிட்டுத் தன் சொந்தக் கம்பெனியை வைத்து முடித்தார். பிறகு ஐந்தாவதாக ஒரு மாடி. முதலில் அதைச் சறுக்கு விளையாட்டு அரங்கம் என்றார்கள், கடைசியில் உணவகங்களாக மாறியது. கொரியர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குளிருக்குத் தரையே சூடாக இருக்க வேண்டும். அதற்காக வெந்நீர்க் குழாய்களைப் பதித்து அதன் மேல் தடிமனாக இன்னொரு கான்கிரீட் போட்டார்கள். அதற்கும் மேலே, கூரையில், ஒவ்வொன்றும் 15 டன் எடையுள்ள மூன்று குளிர்சாதன இயந்திரங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்க முடியவில்லை என்றதும், 1993இல் அவற்றைக் கூரையின் மேலேயே இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் வைத்தார்கள். கிரேன் வைக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் பீம் கிடையாது. தட்டைத் தளம் நேரடியாகத் தூண் மேல் உட்கார்ந்திருக்கும். இந்த மாதிரி அமைப்பில் பாரம் மிஞ்சினால், விரல் நுனியில் வைத்த அப்பளம் மாதிரி தளம் கீழே இறங்க, தூண் அதைப் பொத்துக்கொண்டு மேலே வரும். 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய தூண்கள் 60தான் இருந்தன. 1995 ஜூன் 29 காலையிலேயே ஐந்தாம் மாடித் தூண்களைச் சுற்றி விரிசல் கண்டது. மேல்மாடியை மூடினார்கள், இயந்திரங்களை நிறுத்தினார்கள், கடையை மட்டும் மூடவில்லை. மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், 20 விநாடிக்குள், அந்தப் பகுதி முழுவதும் விழுந்தது. 502 பேர் இறந்தார்கள்.

மூன்றாவது வங்கதேசத்தில் டாக்கா பக்கம் சாவாரில் இருந்த ராணா பிளாசா. குளத்தைத் தூர்த்துக் கட்டிய இடம். ஐந்து மாடிக்கு அனுமதி வாங்கி எட்டு மாடி கட்டி, ஒன்பதாவது எழும்பிக்கொண்டிருந்தது. கடைகளுக்கு என்று போட்ட கட்டடத்தின் மேல்மாடிகளில் தையல் தொழிற்சாலைகள், அவற்றோடு அதிர்கிற ஜெனரேட்டர்கள். 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் விட்டது. கீழ்மாடியில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச்சொன்னார்கள். காலையில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் ஓடியது, கட்டடம் விழுந்தது. இறந்தவர்கள் 1134 பேர், பெரும்பாலும் பெண்கள்.

'நாங்க என்ன மூணு மாடியா ஏத்தப்போறோம், ஒரு ஷீட்தானே' என்று கேட்பவர்களுக்காக அடுத்த இரண்டு சம்பவங்கள். இரண்டும் காவிரிக் கரையில், இரண்டும் 2004இல் நடந்தவை. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. வீடியோ விளக்குக்கு எடுத்த மின் இணைப்பிலிருந்து தீப்பொறி கிளம்பியதாகச் சொன்னார்கள். மணமகன் உள்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. கீழே சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடியில் கீற்றுக் கூரை போட்ட வகுப்பறைகளுக்குத் தாவியது. எரிகிற கூரை பிள்ளைகள் மேலேயே சரிந்தது. இறங்குவதற்கு இருந்தது குறுகலான படி. 94 குழந்தைகள்.

இங்கே பாரத்தால் எதுவும் இடியவில்லை. கீற்றுக்கு என்ன பாரம்? கான்கிரீட் எதுவும் ஏறாததால் இதை 'மாடி கட்டியதாக' யாரும் நினைக்கவில்லை, தற்காலிகக் கொட்டகை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்கள் தற்காலிகமானவர்கள் இல்லையே. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கழிந்த நேரம், மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் கூரை மேல் நடந்த கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 14 பேர் இறந்தபோதும் இதே கதைதான். திறந்தவெளிக் கூரை என்று கணக்கில் இருந்த இடத்துக்குத் தடுப்பும் மேல்மூடியும் வந்திருந்தன.

நம் சட்டத்தில் உயரத்தை அளக்கிற பழக்கம் பாரீஸ்காரர்களைப் போலத்தான். படிக்கட்டு அறை, லிப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கட்டடத்தின் உயரத்தில் சேராது. அனுமதி இல்லாமல் கட்டிய தளங்களுக்கோ தமிழ்நாட்டில் வரன்முறைப்படுத்தும் திட்டம் என்று ஒன்று வந்தது. 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் திருத்தம் கொண்டுவந்து, 1999 பிப்ரவரி 28க்குள் கட்டியவற்றுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒப்புதல் தரலாம் என்றார்கள். இந்த ஒரு முறைதான் என்று சொல்லி வந்தது. பிறகு இன்னொரு பிரிவு சேர்ந்து, கெடு 2007 ஜூலை 1 வரை நீண்டது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப்போல இரண்டு மடங்கு கட்டலாம் என்று ஆனது. சென்னையில் பல வருஷமாக ஒன்றரை மடங்காக இருந்த வரம்பு. நல்லதுதான், நகரத்தில் இடம் இல்லை. ஆனால் பழைய ஒன்றரை மடங்குக் கட்டடத்தின் சொந்தக்காரர், 'இன்னும் அரை மடங்கு பாக்கி இருக்கு' என்று மொட்டை மாடியைப் பார்க்கிறார். பரப்புக்கு அனுமதி வாங்கிவிட்டால் பழைய தூணுக்கும் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது. இதைச் சொன்னால் நம்மை விரோதியாகப் பார்க்கிறார்கள்.

மாடியில் நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் மேலே கட்டிக்கொள்ளலாம் என்று தூண் கம்பிகளை இரண்டடி மூன்றடி நீட்டி விடுவது நம் ஊர் வழக்கம். நம் பழைய விடுதியிலும் அந்தக் கம்பிகள் இருக்கின்றன. 'அப்பவே யோசிச்சுத்தான் விட்டிருக்காங்க' என்று கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னார். கம்பி நீட்டியது உண்மை. அஸ்திவாரமும் அதே யோசனையில் போட்டதா என்று கம்பி சொல்லாது. நம் விடுதியில் தரைத்தளமும் முதல் மாடியும் சேர்த்து இரண்டு கூரைத் தளங்கள். மூன்றாவது போட்டால் அஸ்திவாரத்துக்குப் போகும் பாரம் சுமாராக ஒன்றரை மடங்காகும். போதாததற்கு அந்தக் கம்பிகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடித்து மெலிந்திருக்கின்றன. சுண்ணாம்பு அடிக்கும்போது அதையும் சேர்த்து அடித்துவிடுவதால் தெரிவதில்லை.

அப்படியானால் மொட்டை மாடியில் ஒன்றுமே செய்யக்கூடாதா என்றால், அப்படி இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, 2018 பதிப்பில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆள் புழங்கும் திறந்த கூரையைக் கட்டடத்தின் பரப்பில் சேர்க்க வேண்டாம். ஆனால் அங்கே என்ன நடக்கப்போகிறதோ அது, அதற்கு நேர் கீழே உள்ள மாடியில் அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தீயணைப்புத் தெளிப்பானும் எச்சரிக்கை வசதியும் இருந்தால் விலக்கு உண்டு. சுற்றுத் தடுப்பு 48 அங்குலத்துக்கு மேல் எழும்பக்கூடாது. கூட்டம் கூடும் கூரை என்றால் பாரக் கணக்கு நம் 500 கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது. வெளியேறும் வழியும் ஒரு மாடிக்குப் போடுவதுபோலவே போட வேண்டும். பழைய கட்டடங்களுக்குத் தனித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி மேலே எதையாவது சேர்ப்பதால் ஒரு தூணிலோ பீமிலோ பாரம் 5 சதவீதத்துக்கு மேல் கூடினாலே, அந்த உறுப்பு தாங்குமா என்று புதுக் கட்டடத்தைப்போல நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் பலப்படுத்த வேண்டும். 5 சதவீதம் எங்கே, நம்முடைய 50 சதவீதம் எங்கே!

பலப்படுத்த முடியும். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போர்வை போடலாம், அஸ்திவாரத்தை அகலப்படுத்தலாம். தளத்தில் துளையிட்டு மாதிரி எடுத்து நசுக்கிப் பார்த்தால் கான்கிரீட்டின் இன்றைய பலம் தெரிந்துவிடும். பழைய சுண்ணாம்பு ஜல்லித் தளத்தை எடுத்துவிட்டாலே சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் பாரம் இறங்கும், அதுவும் ஒரு வழி. ஆனால் படிக்கட்டுக்கு இப்படிக் குறுக்குவழி கிடையாது. நம் விடுதியில் மேலே போக இருப்பது ஒரே படி, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய படி. 120 பேர் சாப்பிடுகிற இடத்துக்கு எதிர்க்கோடியில் இரண்டாவது படி இல்லாமல் ஷீட்டும் வேண்டாம், கான்கிரீட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. அந்தச் செலவையெல்லாம் கூட்டினால், சமையல்கட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் தரையிலேயே புதுக் கூடம் கட்டுவது மலிவாக முடியலாம். பொதுக்குழுவில் இரண்டு மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அதற்கு ஒரு உதவி தேவை. பழைய விடுதியின் கம்பி விவர வரைபடம் கல்லூரி அலுவலகத்தில் கிடைக்கவில்லை. அறைகளைக் காட்டும் வரைபடம் ஒன்று இருக்கிறது, அஸ்திவாரம் அதில் இல்லை. அந்தக் கட்டடம் எழும்பியபோது படித்த சிவில் நண்பர்கள் யாராவது, புராஜெக்டுக்காகவோ சைட் பார்க்கப் போனபோதோ ஒரு நீல நகல் எடுத்து வைத்திருக்கக்கூடும். பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள், செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை. அது கிடைக்காவிட்டால் மழை தொடங்குமுன் மூலைத் தூண் இரண்டின் பக்கத்தில் குழி தோண்டி அஸ்திவாரத்தை அளந்துவிட வேண்டும். இந்நாள் மாணவர்கள் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் சேர்ந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மண்வெட்டியும் டேப்பும் நான் கொண்டுவருகிறேன்.